சொந்த நிலத்தில் மண், நீர்ப் பாதுகாப்புப் பணிகள்: அரசு உதவியை முறையாகப் பெறுவது எப்படி?

கடந்த கோடையில் ஒரு மானாவாரிக் கிராமத்தில் பயிற்சி முடிந்ததும், விவசாயி ஒருவர் என்னைத் தன் புஞ்சைக்கு அழைத்துப் போனார். சொந்தச் செலவில் ஜேசிபி வைத்துப் பண்ணைக்குட்டை வெட்டியிருந்தார். "வெட்டி முடிச்சிட்டு மானியத்துக்கு எழுதிக் கொடுக்கலாம்னு இருந்தேன் சார். ஏற்கெனவே வெட்டின குட்டைக்குக் கொடுக்க வழியில்லைன்னு சொல்லிட்டாங்க" என்றார்.

குட்டையைப் பார்த்தபோது மானியத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று தெரிந்தது. நிலத்தின் மேட்டுப் பக்கத்தில் வெட்டியிருந்தார். மழைநீர் அதன் பக்கம் வராமல் எதிர்ப் பக்கமாக ஓடிய தடம் அப்படியே இருந்தது. வெட்டிய மண்ணைக் குட்டையின் ஓரத்திலேயே குவித்திருந்ததால், முதல் மழையிலேயே பாதி மண் உள்ளே சரிந்துவிட்டது.

இந்த இரண்டு இழப்பையுமே தவிர்த்திருக்கலாம். வேலை தொடங்கும் முன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்கு ஒருமுறை போயிருந்தால் போதும். இடம் பார்த்துச் சொல்வதற்கு அங்கே பொறியாளர் இருக்கிறார். அந்த ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது.

அரசு உதவி என்றால் நம்மில் பலருக்கு மானியத் தொகைதான் நினைவுக்கு வருகிறது. நிலப் பாதுகாப்புப் பணிகளில் தொழில்நுட்ப உதவி முதலில் வர வேண்டும், பணம் அதற்குப் பின்னால் வர வேண்டும். இந்த வரிசை மாறினால் பணமும் போகும், வேலையும் வீணாகும். எந்தப் பணிக்கு யாரை அணுகுவது, என்ன கேட்பது, எதில் ஏமாறாமல் இருப்பது என்பதை இக்கட்டுரையில் பார்க்கலாம். ஆடிப் பட்டத்துக்கு உழவு ஓட்டும் இந்த நேரத்தில் தொடங்கினால்தான் வடகிழக்குப் பருவமழைக்குள் வேலையை முடிக்க முடியும்.

முதலில் நிலத்தைப் பாருங்கள், பிறகு திட்டத்தைப் பாருங்கள்

"இப்போ எதுக்கு மானியம் வந்திருக்கு?" என்றுதான் பெரும்பாலும் கேட்கிறோம். "என் நிலத்துக்கு என்ன குறை?" என்று கேட்பதே சரி. அடுத்த நல்ல மழையின்போது குடையோடு ஒருமுறை நிலத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே நுழைகிறது, எந்த வரப்பை உடைக்கிறது, எந்த மூலையில் தேங்குகிறது, கலங்கலாக வெளியேறுகிறதா என்று கவனியுங்கள்.

• மேல்மண் கரைந்து கலங்கலாக ஓடினால்: சம உயர வரப்பு, உழவுச் சாலின் திசையை மாற்றுதல், வரப்பில் புல் நடுதல்.
• தண்ணீர் நிற்காமல் ஒரே பக்கமாக ஓடி வெளியேறினால்: தாழ்வான இடத்தில் பண்ணைக்குட்டை.
• ஓடைக்கரை அரித்து உங்கள் நிலத்துக்குள் வந்தால்: கல் தடுப்பு, தடுப்பணை. இதைத் தனியாகச் செய்ய வேண்டாம், பொறியாளரைக் கேட்டுச் செய்யுங்கள்.
• கிணற்றில் நீர் இருந்தும் பாய்ச்சல் போதவில்லை என்றால்: சொட்டுநீர் அல்லது தெளிப்புநீர்ப் பாசனம்.
• மண் இறுகி, நீர் உள்ளே இறங்கவில்லை என்றால்: உளிக்கலப்பை உழவு, பசுந்தாள் உரம், ஏரி வண்டல்.
• காற்றில் பயிர் சாய்ந்தால், வெயிலில் நிலம் வெறிச்சோடிக் கிடந்தால்: வரப்பு ஓர மரங்கள்.

ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 ஏக்கரில் சுமார் 4,000 லிட்டர் நீர் விழுகிறது. ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் பெய்தால் அது 2 லட்சம் லிட்டர். அதில் எவ்வளவை உங்கள் நிலத்திலேயே நிறுத்துகிறீர்கள் என்பதுதான் மானாவாரி விளைச்சலைத் தீர்மானிக்கிறது.

எந்த வேலைக்கு எந்த அலுவலகம்?

• வேளாண்மைப் பொறியியல் துறை: பண்ணைக்குட்டை, வரப்பு, தடுப்பணை, நிலம் சமன் செய்தல், இயந்திர வாடகை. உபகோட்ட அளவில் உதவி செயற்பொறியாளரையும், வட்டார அளவில் உதவிப் பொறியாளரையும் பார்க்கலாம்.
• வேளாண்மைத் துறை: பசுந்தாள் விதை, மண் பரிசோதனை, மரக்கன்றுகள், வேளாண் பயிர்களுக்கான நுண்ணீர்ப் பாசனம். உங்கள் ஊருக்கான உதவி வேளாண்மை அலுவலரை அல்லது வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகுங்கள்.
• தோட்டக்கலைத் துறை: காய்கறி, பழம், மலர்ப் பயிர்களுக்கான நுண்ணீர்ப் பாசனம், நிலப்போர்வை.
• ஊராட்சி மற்றும் ஊராட்சி ஒன்றிய அலுவலகம்: 100 நாள் வேலைத் திட்டத்தில் தனிநபர் நிலப் பணிகள்.
• வட்டாட்சியர் அலுவலகம்: சிறு, குறு விவசாயி சான்று, பட்டா மாறுதல், வண்டல் மண் அனுமதி.
• வேளாண் அறிவியல் நிலையம்: தொழில்நுட்ப ஆலோசனை, பயிற்சி.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் உழவன் செயலியில் திட்டங்களின் பட்டியலைப் பார்க்கலாம். கிசான் அழைப்பு மையத்தைக் கட்டணமின்றி 1800-180-1551 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்.

பண்ணைக்குட்டை: இடமும் அளவும்

குட்டைக்கான இடம் நிலத்தின் தாழ்வான பகுதியில், மழைநீர் இயல்பாக வந்து சேரும் வழியில் இருக்க வேண்டும். மூலையில் சும்மா கிடக்கும் இடம் என்பதற்காக அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். களர் நிலம், பாறை மேலே தெரியும் இடம், வீட்டுக்கும் பாதைக்கும் ஒட்டிய இடம் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

அளவுக்கு ஓர் உதாரணம் பார்ப்போம். மேல்பக்கம் 20 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், ஆழம் 2 மீட்டர். பக்கச் சரிவு 1 மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் என்று வைத்தால், அடிப்பக்கம் 14 மீட்டருக்கு 14 மீட்டர் வரும். இந்தக் குட்டை நிறைந்தால் சுமார் 5.84 லட்சம் லிட்டர் பிடிக்கும். ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரம் நீர் பாய்ச்ச ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் தேவை. கசிவும் ஆவியாதலும் போக, ஒரு ஏக்கருக்கு ஒன்று அல்லது இரண்டு உயிர்த்தண்ணீர் இதிலிருந்து கிடைக்கும். பூக்கும் பருவத்தில் வானம் பொய்த்தால், அந்த ஒரு தண்ணீரே பயிரைக் காப்பாற்றிவிடும்.

குட்டை நிறைய எவ்வளவு நிலத்து நீர் வர வேண்டும்? 50 மில்லிமீட்டர் மழையில் ஐந்தில் ஒரு பங்கு ஓடி வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு ஏக்கரிலிருந்து சுமார் 40,000 லிட்டர் வரும். 5 ஏக்கர் பரப்பின் நீர் உங்கள் குட்டைக்கு வருமானால், அப்படிப்பட்ட மூன்று மழையில் குட்டை நிறைந்துவிடும். ஒரே ஒரு ஏக்கரின் நீர்தான் வரும் என்றால் இவ்வளவு பெரிய குட்டை வீண், சிறியதாக வெட்டுங்கள். கரையோடு சேர்த்து இந்தக் குட்டை 20 சென்ட் வரை நிலத்தை எடுத்துக்கொள்ளும். ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர் இதை யோசித்தே முடிவெடுக்க வேண்டும்.

மண் வகையையும் பார்க்க வேண்டும். கரிசலில் நீர் ஓரளவு நிற்கும். செம்மண்ணிலும் சரளை மண்ணிலும் சில நாளில் கீழே இறங்கிவிடும். அது கெடுதல் அல்ல, பக்கத்துக் கிணற்றுக்கு ஊறும். ஆனால் தேக்கி வைத்துப் பாய்ச்சுவதுதான் உங்கள் நோக்கம் என்றால் அடியில் பாலித்தீன் விரிப்பு தேவைப்படும். அதற்குத் திட்டத்தில் உதவி உண்டா என்பதை மதிப்பீடு போடும்போதே கேளுங்கள். பிறகு சேர்ப்பது கடினம்.

வெட்டும்போது கவனிக்க வேண்டியவை:

• வெட்டிய மண்ணை விளிம்பிலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளிக் கொட்டுங்கள்.
• நீர் உள்ளே வரும் வழியில் ஒரு சிறு வண்டல் குழி எடுத்துக் கல் பதியுங்கள். மண் அதில் தங்கும், குட்டை தூராது.
• மிகை நீர் வெளியேற வழி விடுங்கள். இல்லையென்றால் பெருமழையில் கரை உடையும்.
• கரையில் வெட்டிவேர் அல்லது கொழுக்கட்டைப் புல் நடுங்கள்.
• சுற்றிலும் வேலி போடுங்கள். ஒரு பக்கம் படிச் சரிவு விடுங்கள். மழைக்காலத்தில் குட்டையில் விழுந்து பிள்ளைகள் இறந்த செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். மதிப்பீட்டில் வேலிக்குப் பணம் இல்லாவிட்டாலும், முள்ளையாவது வெட்டிப் போட்டு அடைத்துவிடுங்கள்.

பண்ணைக்குட்டைக்கான மானிய அளவு திட்டத்துக்குத் திட்டம், ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. கலைஞரின் அனைத்து கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டத்தில் உங்கள் ஊராட்சி தேர்வாகியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். தேர்வான ஊராட்சிகளுக்கு இத்தகைய பணிகளில் முன்னுரிமை இருக்கும்.

வரப்பு: குறைந்த செலவில் பெரிய பயன்

சரிவு எவ்வளவு என்று தெரியாமல் வரப்புப் போடக் கூடாது. கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல் இருந்தால் நீங்களே அளக்கலாம். 100 அடி தூரத்தில் 2 அடி இறக்கம் இருந்தால் சரிவு 2 சதவீதம்.

செம்மண் மானாவாரி நிலத்தில் சம உயரக் கோட்டில் வரப்புப் போடுவது நல்லது. கரிசல் நிலத்தில் நீர் மெதுவாக இறங்குவதால், சம உயர வரப்பில் நீர் தேங்கி வரப்பே உடையலாம். அங்கே மிகை நீர் மெதுவாக வடியும்படி சற்றுச் சரிவோடு வரப்பு அமைப்பார்கள். சரிவு குறைந்த கரிசலில், விதைக்கும் முன் 8 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் என்று நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்துச் சிறு வரப்புக் கட்டினால், பெய்த மழை பெய்த இடத்திலேயே நிற்கும். மண் இறுகிய நிலத்தில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் ஆழ உழுவதும் இதோடு சேரும்.

இந்த வேலைகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களை வாடகைக்கு எடுக்கலாம். டிராக்டருக்குத் தற்போது மணிக்கு 500 ரூபாய். உழவன் செயலியில் இ-வாடகை வழியாகவே முன்பதிவு செய்யலாம். பருவம் தொடங்கிய பிறகு வரிசை நீண்டுவிடும், முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள்.

பக்கத்து நிலத்துக்காரரிடம் பேசாமல் வரப்பின் திசையை மாற்றாதீர்கள். உங்கள் மிகை நீர் அவர் நிலத்தில் விழுந்தால் வழக்கில்தான் போய் முடியும். இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தால் பொறியாளருக்கும் திட்டமிடுவது எளிது.

நுண்ணீர்ப் பாசனம்: கையெழுத்துப் போடும் முன்

தமிழ்நாட்டில் சொட்டுநீர், தெளிப்புநீர் அமைக்கச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும், மற்ற விவசாயிகளுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. சிறு, குறு விவசாயிக்கு 5 ஏக்கர் வரையிலும், மற்றவர்களுக்கு 12.5 ஏக்கர் வரையிலும் கிடைக்கும். ஒருமுறை பெற்ற நிலத்துக்கு மீண்டும் பெற 7 ஆண்டுகள் ஆக வேண்டும்.

100 சதவீதம் என்பது அரசு நிர்ணயித்த அலகு விலைக்குத்தான். அதற்கு மேல் நீங்கள் கேட்கும் கூடுதல் குழாய், கூடுதல் வால்வு உங்கள் செலவு. அதை முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "மானியத்துக்கு மேல கொஞ்சம் ஆகும்" என்று வாய்மொழியாகச் சொல்வதை ஏற்காதீர்கள்.

இந்த மானியம் பொதுவாக அமைத்துக் கொடுக்கும் நிறுவனத்துக்கே போகிறது. அதனால் வேலை முடிந்ததாக நீங்கள் போடும் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம். மோட்டாரைப் போட்டு, கடைசி வரிசையின் கடைசிச் சொட்டுவானில் நீர் சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வடிகட்டியைக் கழுவுவது, அமிலம் விட்டுக் குழாயைச் சுத்தம் செய்வது எப்படி என்று செய்து காட்டச் சொல்லுங்கள். அமைத்த பின் கிடைக்கும் பராமரிப்புச் சேவையின் விவரங்களையும் வாங்கி வையுங்கள்.

நுண்ணீர்ப் பாசனம் அமைப்பவர்களுக்குத் துணை நீர் மேலாண்மைத் திட்டத்தில் மின்மோட்டார், நீர் கொண்டுசெல்லும் குழாய், தரைநிலை நீர்த்தேக்கத் தொட்டி ஆகியவற்றுக்கும் உதவி இருக்கிறது. குழாய்க்கிணறு அமைக்க நிலத்தடி நீர் பாதுகாப்பாக உள்ள குறுவட்டங்களில்தான் அனுமதி. உங்கள் குறுவட்டம் எந்த வகையில் வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வரப்பில் மரம்: வாங்குவதைவிட வளர்ப்பது பெரிது

தமிழ்நாடு நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் விவசாய நிலங்களுக்கு மரக்கன்றுகள் இலவசமாகத் தரப்படுகின்றன. வரப்பில் நடுவதற்கு ஒரு அளவு, வயல் முழுக்கத் தோப்பாக நடுவதற்கு ஒரு அளவு என்று ஏக்கருக்கு உச்சவரம்பு உண்டு. அடுத்த ஆண்டுகளில் உயிரோடு இருக்கும் கன்றுகளைக் கணக்கெடுத்துப் பராமரிப்பு ஊக்கத்தொகையும் தரப்படுகிறது. ஆகவே 200 கன்று வாங்கி 40 கன்று பிழைக்க வைப்பதைவிட, 50 வாங்கி 45 பிழைக்க வைப்பது லாபம்.

• கன்று வரும் முன்பே குழி எடுத்து ஆறப் போடுங்கள். மழை தொடங்கிய பின் நடுங்கள்.
• பயிரில் நிழல் விழாமல் இருக்க, மரவரிசையைக் கிழக்கு மேற்காகச் செல்லும் வரப்பில் அமைப்பது நல்லது.
• முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற முடிகிற எண்ணிக்கையை மட்டும் வாங்குங்கள்.
• ஆடு மேயும் ஊரில் கூண்டோ முள்ளோ இல்லாமல் நட வேண்டாம்.
• நட்ட மரங்களைக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் பதியுங்கள். தேக்கு, சந்தனம், செம்மரம் போன்றவற்றை நட்டால், வெட்டும்போது என்ன அனுமதி தேவை என்று வனத்துறையிடம் நடும்போதே கேட்டு வையுங்கள். 15 ஆண்டு கழித்து உங்கள் பிள்ளைகள் அலைய வேண்டியிருக்காது.

வண்டலும் பசுந்தாளும்

ஏரி, குளங்களின் வண்டல் மண்ணை விவசாய நிலத்துக்குக் கட்டணமின்றி எடுக்கும் அனுமதியைத் தமிழ்நாடு அரசு இப்போது எளிமையாக்கியிருக்கிறது. வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. இ-சேவை வழியாக விண்ணப்பிக்கலாம். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டரும், புஞ்சைக்கு 90 கன மீட்டரும் எடுக்கலாம். ஏற்று கூலியும் வண்டி வாடகையும் உங்களுடையது. செம்மண், மணல் கலந்த நிலத்துக்கு வண்டல் மிக நல்லது. ஏற்கெனவே களிமண்ணாக இருக்கும் நிலத்தில் கொட்டினால் வடிகால்தான் கெடும். எடுப்பதற்கு முன் வண்டலையும் உங்கள் மண்ணையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உவர்த்தன்மையுள்ள வண்டல் வேண்டாம்.

முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மண்ணுயிர் காப்போம் திட்டம் 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் 206 கோடி ரூபாயில் 22 இனங்களோடு அறிவிக்கப்பட்டது. இதில் 2 லட்சம் ஏக்கருக்குப் பசுந்தாள் உர விதை வழங்குவதும் அடங்கும். தக்கைப்பூண்டு, சணப்பு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதுவிடுங்கள். தண்டு முற்றவிட்டால் மக்குவது தாமதமாகும்.

100 நாள் வேலையில் உங்கள் நிலத்துப் பணி

இந்தத் திட்டத்தில் பொதுக் குளத்தை மட்டும்தான் வெட்டுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். தனிநபர் நிலத்திலும் பண்ணைக்குட்டை, வரப்பு, மரம் நடுதல், நிலம் சீரமைத்தல் போன்றவற்றைச் செய்ய மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஆதிதிராவிடர், பழங்குடியினர், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்கள், பெண்கள் தலைமையிலான குடும்பங்கள், மாற்றுத்திறனாளி தலைமையிலான குடும்பங்கள், நிலச் சீர்திருத்தத்தில் நிலம் பெற்றவர்கள், வன உரிமைச் சட்டத்தில் பயன்பெற்றவர்கள் முதலியோருக்கு முன்னுரிமை. அவர்களுக்குப் பிறகு மற்ற சிறு, குறு விவசாயிகளுக்கு வரும். நிபந்தனைகள் இரண்டு: குடும்பத்துக்கு வேலை அட்டை இருக்க வேண்டும். உங்கள் குடும்பத்தில் ஒருவராவது அந்தப் பணியில் வேலை செய்ய வேண்டும். வேலை செய்யும் நாளுக்குக் கூலியும் உண்டு. 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நாளொன்றுக்கு 319 ரூபாய் நிர்ணயிக்கப்பட்டிருந்தது.

இதற்கு வழி கிராம சபை. சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில், சர்வே எண்ணோடு மனு கொடுத்துப் பணிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். ஆகஸ்ட் 15 நெருங்கிவிட்டது, மனுவை இப்போதே எழுதி வையுங்கள். பெயர் பட்டியலில் ஏறியதா என்று தீர்மானப் புத்தகத்தில் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு.

உங்கள் கிராமம் நீர்வடிப்பகுதி மேம்பாட்டுத் திட்டத்தில் இருந்தால், தனியார் நிலத்தில் வரப்பு, குட்டை, தடுப்பணை ஆகியவற்றை அந்தத் திட்டத்திலும் செய்யலாம். பிரதம மந்திரி விவசாய நீர்ப்பாசனத் திட்டத்தின் இந்தப் பிரிவில் சமவெளிக்கு ஒரு ஹெக்டேருக்கு 22,000 ரூபாய் வரையும், மலை போன்ற கடினப் பகுதிகளுக்கு 28,000 ரூபாய் வரையும் செலவிடலாம். எந்தப் பணி, யார் நிலத்தில் என்பதைக் கிராம நீர்வடிப்பகுதிக் குழுவில்தான் பேசுவார்கள். கூட்டத்துக்குப் போகாதவர் நிலம் பட்டியலில் வராது. பங்களிப்புத் தொகை கட்டினால் ரசீது வாங்குங்கள்.

ஆவணங்களை இப்போதே சரிபாருங்கள்

• சிட்டா, அடங்கல், புல வரைபடம்
• ஆதார் அட்டை, ஆதார் இணைத்த வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல்
• சிறு, குறு விவசாயி சான்று
• சாதிச் சான்று (தேவைப்படும் திட்டங்களுக்கு)
• மண், நீர்ப் பரிசோதனை அறிக்கை (நுண்ணீர்ப் பாசனத்துக்கு)
• கடவுச்சீட்டு அளவுப் புகைப்படம், கைபேசி எண்

பெரும்பாலான விண்ணப்பங்கள் நின்றுபோவது மூன்று இடங்களில். முதலாவது, பட்டா இன்னும் இறந்துபோன அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருப்பது. வாரிசுச் சான்று வாங்கிப் பட்டா மாறுதலுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். இரண்டாவது, கூட்டுப் பட்டா. உட்பிரிவு செய்யும்வரை மற்ற பங்குதாரர்களின் சம்மதக் கடிதம் தேவைப்படும். மூன்றாவது, ஆதாரிலும் பட்டாவிலும் வங்கியிலும் பெயர் மூன்று விதமாக இருப்பது. ஒரு இன்ஷியல் மாறினாலும் பணம் வங்கியில் ஏறாது.

குத்தகைக்குப் பயிரிடுபவர்கள் பதிவு செய்த நீண்டகால ஒப்பந்தம் இருந்தால் சில திட்டங்களில் சேரலாம். வாய்மொழிக் குத்தகையில் நிலையான கட்டமைப்புக்கு உதவி கிடைப்பது அரிது. நிலம் மனைவி பெயரில் இருந்தால் விண்ணப்பமும் அவர் பெயரிலேயே இருக்கட்டும், வங்கிக் கணக்கும் அவருடையதாகவே இருக்கட்டும்.

விண்ணப்பம் முதல் பணம் வரை: இந்த வரிசையை மாற்றாதீர்கள்

1. அலுவலரை அணுகி, இந்த ஆண்டு நிதி ஒதுக்கீடு இருக்கிறதா, உங்கள் ஊர் தகுதியுள்ளதா என்று கேளுங்கள்.
2. விண்ணப்பித்து, பதிவு எண் வாங்குங்கள். எண் இல்லாத விண்ணப்பம் விண்ணப்பமே அல்ல.
3. முன் ஆய்வுக்குப் பொறியாளர் வரும்போது நீங்கள் நிலத்தில் இருங்கள். நீர் ஓடும் தடத்தைக் காட்டுங்கள். அவருக்குக் கணக்குத் தெரியும். மழையில் உங்கள் நிலம் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.
4. மதிப்பீட்டின் நகல் கேளுங்கள். மொத்தச் செலவு எவ்வளவு, மானியம் எவ்வளவு, உங்கள் பங்கு எவ்வளவு என்று பாருங்கள்.
5. பணி ஆணை எழுத்தில் கைக்கு வந்த பிறகே மண்வெட்டியை எடுங்கள்.
6. வேலைக்கு முன், வேலை நடக்கும்போது, முடிந்த பின் என்று மூன்று நிலையிலும் ஒரே இடத்திலிருந்து படம் எடுங்கள். அலுவலர் இடக்குறியோடு எடுக்கும் படம் வேறு. இது உங்கள் கைவசம் இருக்க வேண்டியது.
7. மதிப்பீட்டில் உள்ள அளவை மாற்றாதீர்கள். பெரிதாக வெட்டினால் அதிகப் பணம் வராது, சிறிதாக வெட்டினால் தொகை குறையும்.
8. இறுதி ஆய்வுக்குப் பின் தொகை உங்கள் கணக்கில் ஏறியதைப் பாஸ்புத்தகத்தில் சரிபாருங்கள்.

பல திட்டங்களில் முதலில் நீங்கள் செலவு செய்து, பிறகே மானியம் வரும். அதற்கு மாதங்கள் ஆகலாம். வட்டிக்கு வாங்கி வேலையைத் தொடங்கினால், மானியம் வருவதற்குள் வட்டியே அதை விழுங்கிவிடும். கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ குறைந்த வட்டிக் கடனுக்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள். அல்லது இந்த ஆண்டு வரப்பு, அடுத்த ஆண்டு குட்டை என்று கட்டம் கட்டமாகச் செய்யுங்கள்.

"நான் வாங்கித் தர்றேன், இவ்வளவு கொடுங்க" என்று வருபவரிடம் ஆதார் நகலையும் வெற்றுத் தாளில் கையெழுத்தையும் கொடுத்துவிடாதீர்கள். இந்தத் திட்டங்களுக்கு நீங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

மானியம் வந்த பிறகுதான் உங்கள் வேலை தொடங்குகிறது

குட்டையை வெட்ட உதவி செய்யும் அரசு, ஆண்டுதோறும் அதன் தூரை வாரித் தராது. கோடையில் வண்டல் குழியைச் சுத்தம் செய்து, வாரிய மண்ணை வயலிலேயே பரப்புங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வரப்பைச் சுற்றி வந்து எலி வளைகளை அடையுங்கள். சொட்டுநீர் வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவுங்கள். இவற்றுக்கு ஆண்டுக்கு மூன்று, நான்கு நாள் உழைப்புப் போதும்.

முதலில் சொன்ன அந்த விவசாயியின் கதைக்கு வருகிறேன். மேட்டில் வெட்டிய குட்டையை நகர்த்த முடியாது. பொறியாளரை அழைத்துக் காட்டினோம். மழைநீர் ஓடிய தடத்துக்குக் குறுக்கே சரிவு பார்த்து வரப்புப் போட்டு, நீரின் ஒரு பகுதியைக் குட்டைப் பக்கம் திருப்ப முடியும் என்று அவர் சொன்னார். வரப்புக்கு முறைப்படி விண்ணப்பித்திருக்கிறார். இந்த முறை பணி ஆணை வரும்வரை காத்திருக்கிறார். குட்டைக்குப் போன பணம் திரும்பாது, ஆனால் வரும் ஐப்பசி மழை அவர் நிலத்தைவிட்டு வெறுமனே ஓடாது.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியவை மூன்று: பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் வட்டார வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகம் எங்கே என்று விசாரியுங்கள். அடுத்த மழையில் குடையோடு நிலத்தைச் சுற்றி வாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.